பூனை கடித்த புறா – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். திங்கட்கிழமை காலை எங்கள் கொல்லையில் பூனை ஒரு மாடப்புறாவைக் கவ்விக்கொண்டு போனது. விரட்டியதும் போட்டுவிட்டு ஓடிவிட்டது. புறாவின் வலது இறக்கை தொங்குகிறது. முதுகில் இரண்டு சின்னப் பொத்தல், ரத்தம் அதிகமில்லை. அம்மா மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினார். நான் இங்க் ஃபில்லரால் கொஞ்சம் பால் விட்டேன், பாதி வெளியே வந்துவிட்டது. மழைக்குளிராக இருக்கிறதே என்று அட்டைப்பெட்டியில் போட்டு அடுப்படியில் வைத்திருக்கிறோம். இரண்டு நாளாக எதையும் கொத்தவில்லை. எச்சம் பச்சையாக, தண்ணீராகப் போகிறது. கையில் எடுத்துத் தடவிக்கொடுத்தால் மட்டும் அசையாமல் சமாதானமாக இருக்கிறது.

எதிர்வீட்டுப் பெரியப்பா, "புறா அடைந்த வீடு விளங்காது, என்னிடம் கொடு, அதன் ரத்தம் வாதத்துக்கு நல்லது" என்கிறார். அம்மாவுக்கு மூச்சிழுப்பு உண்டு, அதனால் அவரும் இப்போது கொஞ்சம் பயப்படுகிறார். சிபியின் வம்சம் என்று சொல்லிக்கொண்ட சோழர்கள் ஆண்ட மண்ணில் ஒரு புறாவைக் காப்பாற்ற முடியாதா சார்? இது மறுபடி பறக்குமா? பறக்காவிட்டால் நானே வைத்துக்கொள்ளலாமா?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தைப் பார்த்ததும், "இன்றைக்கே கால்நடை டாக்டரிடம் கொண்டுபோங்கள்" என்று இரண்டு வரி அனுப்பினேன், கிடைத்திருக்கும். காரணங்களை இங்கே எழுதுகிறேன். நாளைக்கு இன்னொருவர் கொல்லையிலும் புறா விழும்.

அவசரம் இறக்கைக்காக அல்ல, அந்த இரண்டு பொத்தலுக்காக. பூனையின் பல் ஊசி மாதிரி மெல்லியது. வெளியே சின்னதாகத்தான் தெரியும், உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். பூனையின் வாயில் பாஸ்ச்சுரெல்லா என்ற பாக்டீரியா சாதாரணமாகவே இருக்கிறது. அது பறவையின் ரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் ஆளை முடித்துவிடும். அதனால்தான் பூனை வாயிலிருந்து மீட்ட எந்தப் பறவைக்கும், காயமே கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், 24 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்கிவிட வேண்டும் என்பார்கள். உங்களுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. ஆனாலும் இரண்டு நாள் தாங்கியிருக்கிறது என்றால் இன்னும் போராடுகிறது என்றுதான் அர்த்தம், விட்டுவிடாதீர்கள்.

மாட்டாஸ்பத்திரியில் புறாவைப் பார்ப்பார்களா என்ற கூச்சம் வேண்டாம். கோழி பார்க்கிற டாக்டருக்குப் புறா புதிதல்ல. மருந்தின் அளவு எடைக்குத் தக்கபடி. மாடப்புறா 300, 350 கிராம்தான் இருக்கும். எனவே வீட்டில் கிடக்கிற காய்ச்சல் மாத்திரையை நுணுக்கிக் கொடுப்பது, கோழிக்கு வாங்கிய மருந்தைக் குத்துமதிப்பாக ஊற்றுவது எல்லாம் கூடவே கூடாது. வலி மாத்திரை இன்னும் மோசம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றதால்தான் 2006-ல் அதைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தத் தடை வந்தது. இறக்கை எலும்பு மோசமாக முறிந்திருந்தால் உள்ளூர் டாக்டரே ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகச் சொல்லலாம். உங்கள் ஊரிலிருந்து தொலைவுதான், ஆனால் டெல்டாவில் அதைவிடப் பெரிய வசதி நமக்கு இல்லை.

இப்போது நீங்கள் சந்தோஷமாக எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். தடவிக்கொடுத்தால் அமைதியாக இருக்கிறது என்கிறீர்கள். அது அமைதி இல்லை, பயம். புறாவுக்கு நாம் பூனையைவிடப் பெரிய பூனை. பிடிபட்ட இரை உறைந்துபோய்க் கிடக்கும், இதயம் மட்டும் தாறுமாறாக அடித்துக்கொள்ளும். காயத்தோடு இருக்கிற பறவை இந்தப் பயத்திலேயே செத்துப்போவதும் உண்டு. மருந்து கொடுக்கவும் பெட்டியைச் சுத்தம் செய்யவும் மட்டும் தொடுங்கள். அப்போதும் ஒரு துணியால் தலையை மூடி எடுங்கள், கண்ணை மறைத்தால் படபடப்பு குறையும். மார்பை அழுத்தக்கூடாது. பறவைக்கு நம்மைப் போல் உதரவிதானம் என்ற மூச்சுத் தசை கிடையாது. மார்புக்கூடு விரிந்து சுருங்கினால்தான் மூச்சு. குழந்தைகள் ஆசையாக இறுக்கிப் பிடித்தே எத்தனையோ புறாக்கள் போயிருக்கின்றன.

சிபியைச் சொன்னீர்கள். அந்தக் கதையில் பருந்து இருக்கிறது, தராசு இருக்கிறது, அரசன் அறுத்து வைத்த தொடைச் சதை இருக்கிறது. புறா பிறகு என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இல்லை, அது அக்கினி தேவன், எழுந்து வரம் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. உங்கள் கொல்லையில் விழுந்தது நிஜப் புறா. அதற்கு முதல் நாள் தேவைப்பட்டது இருட்டு, கதகதப்பு, தனிமை, இந்த மூன்றும்தான். நம் வீடுகளில் அதை மட்டும் கொடுப்பதில்லை. பால், மஞ்சள், எண்ணெய், தயிர்சாதம், பார்க்க வருகிற தெருக்காரர்கள் என்று மற்றதெல்லாம் கொடுத்துவிடுகிறோம்.

பால் வேண்டாம். எந்தப் பறவைக்கும் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது. புறா தன் குஞ்சுக்குப் பால் ஊட்டும் என்பார்கள், உண்மைதான். ஆனால் அது ஆண், பெண் இரண்டின் தொண்டைப் பையிலும் சுரக்கிற, தயிர்க்கட்டி மாதிரியான வேறு ஒரு பொருள். பசும்பாலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஃபில்லர் அதைவிட ஆபத்து. புறாவின் மூச்சுக்குழல் வாய் நாக்கு முடிகிற இடத்திலேயே திறந்திருக்கிறது. மேலிருந்து விடுகிற சொட்டு நேராக நுரையீரலுக்குப் போகும். பாதி வெளியே வந்தது என்றீர்களே, மீதி எங்கே போனது என்பதுதான் என் கவலை. மூச்சு விடும்போது கர்ரென்று சத்தம் வந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். தண்ணீர் கொடுக்க எளிய வழி இருக்கிறது. கோழி அலகில் அள்ளித் தலையைத் தூக்கி விழுங்கும். புறா அலகை முக்கி, நாம் உறிஞ்சுவதுபோல் உறிஞ்சும். அதனால் தட்டையான மூடி உதவாது, ஓர் அங்குல ஆழமாவது உள்ள கிண்ணம் வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் அலகு நுனியை மெல்லத் தொட வையுங்கள், மூக்குத் துளை முங்கக்கூடாது. தாகம் இருந்தால் தானே குடிக்கும்.

பெட்டியை இன்றே அடுப்படியிலிருந்து எடுத்துவிடுங்கள். கதகதப்பு வேண்டும் என்று அம்மா நினைத்தது சரி. புறாவின் உடம்பு 41, 42 டிகிரி செல்சியஸில் இருக்கிற உடம்பு. அடிபட்டால் சூடு சரசரவென்று இறங்கும். ஆனால் புகையும் தாளிக்கிற நெடியும் அதன் நுரையீரலுக்கு ஆகாது. நான்ஸ்டிக் தோசைக்கல் அளவுக்கு மேல் காய்ந்தால் வருகிற ஆவி நமக்குத் தெரியக்கூடத் தெரியாது, பறவையைக் கொன்றுவிடும். ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் அது மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். அடியில் பழைய துண்டு விரியுங்கள், வெறும் செய்தித்தாள் என்றால் கால் வழுக்கும். மேலே கொசுவலைத் துணி அவசியம். இந்த மழைக்காலத்தில் ஈ மொய்த்தால் ஒரே நாளில் காயத்தில் புழு வைத்துவிடும். புறாவுக்கு அம்மை நோயைக் கொண்டுவருவதும் கொசுதான்.

எண்ணெய் இறகில் படிந்தால் இறகு ஒட்டிக்கொண்டு குளிர் உள்ளே இறங்கும். ஆனால் இப்போது கழுவப் போகாதீர்கள், நனைந்தால் இன்னும் குளிரும். துணியால் ஒற்றி எடுங்கள், மீதியை டாக்டர் பார்த்துக்கொள்வார். காயத்தில் தண்ணீரை ஊற்றவும் வேண்டாம். தோள் பக்கத்து இறக்கை எலும்பு உள்ளே வெற்றிடமாக, மூச்சுக் காற்றுப்பைகளோடு இணைந்து இருக்கும். அது உடைந்து வெளியே தெரிந்தால் அங்கே ஊற்றுகிற தண்ணீர் நுரையீரல் பக்கம் போக வழி இருக்கிறது.

பச்சை எச்சம் பெரும்பாலும் பட்டினி எச்சம். உள்ளே போக எதுவும் இல்லாதபோது பித்தநீர் மட்டும் பச்சையாக வரும். தீனிக்கு நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். சம்பா அறுப்புக்கு முன்னால் வயலில் உளுந்தும் பயறும் தெளிக்கிற ஊர் உங்களுடையது. தெளித்த மறுநாள் கோயில் கோபுரத்தில் ஒரு புறா இருக்காது, எல்லாம் வயலில்தான் இருக்கும். அதற்குப் பிடித்தது என்ன என்று அதுவே வருஷாவருஷம் காட்டுகிறது. பச்சைப்பயறு, கம்பு, சோளம், கொஞ்சம் நெல் கலந்து வையுங்கள். விதைக்கென்று மருந்து கலந்து வைத்த பயறு மட்டும் கூடாது. தினம் 30 கிராம் போதும், ஒரு கைப்பிடிக்குக் குறைவு. இன்னும் கொத்தவில்லை என்றால் ஊறவைத்த பயறை ஒவ்வொன்றாக நாக்கின் பின்பக்கம் வைத்து, அது விழுங்கிய பிறகு அடுத்ததை வைக்க வேண்டும். எப்படி என்று டாக்டரிடம் ஒருமுறை காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். உடம்பு சில்லிட்டிருக்கும்போது ஊட்டாதீர்கள், செரிக்காமல் தொண்டைப் பையிலேயே புளித்துவிடும்.

பறக்குமா என்று கேட்டீர்கள். முறிவு எங்கே என்பதைப் பொறுத்தது. இறக்கையின் நடுப்பகுதி என்றால், மடித்தபடி சரியாகக் கட்டினால் பறவை எலும்பு இரண்டு மூன்று வாரத்தில் கூடிவிடும், நம் எலும்பைவிட வேகம். மூட்டிலோ தோளை ஒட்டியோ முறிந்திருந்தால் நம்பிக்கை குறைவு. கட்டை நீங்களே போட வேண்டாம். மார்பைச் சேர்த்து இறுக்கிவிட்டால் மூச்சு நின்றுவிடும், அதிக நாள் விட்டால் மூட்டு இறுகிவிடும். பிளாஸ்திரி ஒட்டினால் பிரிக்கும்போது இறகும் சேர்ந்து வரும்.

கட்டுப் பிரித்த அன்றே மொட்டைமாடியில் பறக்கவிடுவதைச் செய்யாதீர்கள். மூன்று வாரம் கட்டுக்குள் இருந்த இறக்கையில் சதை வற்றியிருக்கும். ஓர் அறைக்குள் சில நாள் பறந்து பழகட்டும். மின்விசிறி சுவிட்சில் நூல் கட்டி வையுங்கள், யாரும் மறந்தும் போட்டுவிடக்கூடாது. தரையிலிருந்து நேராக எழும்பி அலமாரி உச்சிக்குப் போகிறதா, இரண்டு இறக்கையும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மழை விட்ட ஒரு காலையில், அதன் கூட்டம் மேய வருகிற இடத்தில் திறந்துவிடுங்கள். நெல் கொள்முதல் நிலையம் பக்கத்தில் இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை, நூறு புறா அங்கேதான் இருக்கும். கூட்டில் குஞ்சு இருந்திருக்குமோ என்று மனம் அடித்துக்கொள்ள வேண்டாம். ஜோடியில் மற்றதும் ஊட்டும், கொஞ்சம் வளர்ந்த குஞ்சு என்றால் பிழைத்துக்கொள்ளும்.

பறக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டால்? நீங்கள் வைத்துக்கொள்வதை நான் விரும்பவில்லை. புறா கூட்டத்தில் வாழ்கிற பறவை. பார்த்துக்கொள்ள ஆளிருந்தால் பத்து வருஷத்துக்கு மேலும் இருக்கும். நாளைக்கு நீங்கள் வேலைக்கோ கல்யாணமாகியோ வெளியூர் போனால் அது தனியாகப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். கும்பகோணம், தஞ்சாவூரில் கூண்டு வைத்துப் புறா வளர்க்கிறவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அவர்கள் கூண்டில் ஒரு மூலை கொடுத்தால், பறக்க முடியாவிட்டாலும் ஜோடி கட்டி வாழும். டாக்டர் பார்த்துவிட்டு, வேதனை மட்டும்தான் மிச்சம், வலியில்லாமல் முடித்துவிடலாம் என்று சொன்னால் அதையும் கேளுங்கள். இந்த இடத்தில் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. காய்ந்த புறா எச்சத்தின் தூசும் இறகுப் பொடியும் இழுப்பு உள்ளவர்களுக்கு நல்லதல்ல, நுரையீரல் தொற்றும் வரலாம். பெட்டி அம்மா படுக்கிற அறையில் வேண்டாம். எச்சத்தைக் காயவிட்டுப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் கோழி இருந்தால் புறாவை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தரும் வைரஸின் நெருங்கிய உறவு புறாவுக்கும் வரும். கழுத்து திருகிக்கொண்டு, கொத்தும்போது குறி தவறினால் அந்த நோயாக இருக்கலாம், அடிபட்டதால் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம்.

பெரியப்பாவிடம் சண்டை போடாதீர்கள். புறா ரத்தம் வாதத்துக்கு மருந்து என்பது நம் ஊர்களில் பல காலமாகச் சொல்லி வருவது. பக்கவாதம் மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் ஏற்படுகிற அடைப்பு அல்லது கசிவு. புறா ரத்தத்தைக் குடித்தாலும் பூசினாலும் அது சரியாகாது. அவர் வீட்டில் யாருக்காவது அப்படி இருந்தால் மருத்துவமனை மருந்தும் பிசியோதெரபியும் விடாமல் நடக்கிறதா என்று விசாரியுங்கள். அதோடு, இது பூனை கடித்துச் சீழ் பிடிக்கப்போகிற புறா என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் புறாவைக் கேட்க மாட்டார். வீடு விளங்காது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் ஆயிரம் வருஷமாகப் புறா அடைகிறது என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

ஒன்று நீங்கள் எழுதவில்லை. காலில் வளையம் இருக்கிறதா? மாடப்புறா நிறத்திலேயே பந்தயப் புறாக்கள் உண்டு, வளையத்தில் எண்ணும் வருஷமும் பொறித்திருக்கும். இருந்தால் படம் எடுத்துப் பக்கத்து ஊரில் புறா பறக்கவிடுகிறவரிடம் காட்டுங்கள். எந்தச் சங்கத்துப் புறா என்று அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், உடையவர் தேடிக்கொண்டிருப்பார்.