ஃபிம்ஸில் வேலை கிடைக்குமா? ஈரோட்டு அப்பா ஒருவருக்கு

வணக்கம் சார். உங்கள் மெயிலை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பெண் பி.பி.டி. (பிசியோதெரபி) கடைசி வருடம், பள்ளிக்கூட நாளில் கோ-கோ ஆடியவள், இப்போது "சிகிச்சை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டேன், விளையாட்டு மருத்துவத்தில் நிர்வாகப் பக்கம் போகிறேன்" என்கிறாள். அதைக் கேட்ட ஒரு கன்சல்டன்சி, சுவிட்சர்லாந்தில் ஒரு வருடம் படித்தால் சர்வதேச விளையாட்டு மருத்துவ சம்மேளனத்தில் அட்மின் வேலை உறுதி என்று சொல்லி 35 லட்சத்துக்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறது. இந்த மாதமே வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள்.

பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். மற்றதைப் பேசலாம்.

உங்கள் பெண்ணின் ஆசையில் தப்பே இல்லை. ப்ளஸ் டூ முடித்தவர்கள் எல்லாரும் ஒரே நாலு கோர்ஸைச் சொல்லிக்கொண்டு வருகிற ஊரில், ஒரு சங்கம் எப்படி நடக்கிறது என்பதில் ஆர்வம் வருவது அபூர்வம். அந்த சம்மேளனம் எப்படிப்பட்ட இடம் என்று கன்சல்டன்சிக்காரருக்குத் தெரியவில்லை. தெரிந்தே மறைத்தார் என்றும் நான் சொல்லமாட்டேன், அவர் கமிஷன் அவருக்கு.

அந்த அமைப்பை எல்லாரும் ஃபிம்ஸ் என்பார்கள், பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகள் அவை. 1928 பிப்ரவரியில், சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, அங்கே வந்திருந்த 11 நாட்டு மருத்துவர்கள் 33 பேர் கூடி ஆரம்பித்த சங்கம். வில்ஹெல்ம் நோல் என்ற மருத்துவர் முதல் தலைவர். அதே வருடம் ஆகஸ்டில் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கை ஒட்டி முதல் மாநாடு, அதற்கு 20 நாடுகளிலிருந்து 281 பேர். கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகப்போகிறது, ஆனால் அடிப்படை மாறவில்லை. அது மருத்துவர்கள் மருத்துவர்களுக்காக நடத்தும் சங்கம். விளையாட்டு வீரர்களின் உடம்பைப் பற்றி ஆராய்ச்சி, மாநாடு, அணி மருத்துவர்களுக்குப் பயிற்சி வகுப்பு, நெறிமுறை அறிக்கைகள், இதுதான் வேலை. ஊக்கமருந்துப் பரிசோதனை அவர்கள் செய்வதில்லை. ஊக்கமருந்து விதிகளை வகுத்துக் கண்காணிக்க 1999ல் தொடங்கிய வாடா தனியாக இருக்கிறது, தலைமையகம் மான்ட்ரியல். ஒலிம்பிக் கமிட்டியின் மருத்துவக் குழுவும் தனி. உங்கள் மெயிலில் மூன்றையும் ஒன்றாகக் குழப்பியிருக்கிறீர்கள், கன்சல்டன்சியின் நோட்டீஸிலும் அதே குழப்பம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். இந்த மாதிரி சம்மேளனத்தில் இரண்டு ஏணி இருக்கிறது. ஒன்றில் ஏறுகிறவர் இன்னொன்றுக்குத் தாவ முடியாது.

முதல் ஏணி, தேர்தலில் ஜெயித்து வருவது. நாடுகளின் தேசிய விளையாட்டு மருத்துவச் சங்கங்கள்தான் ஃபிம்ஸின் உறுப்பினர்கள். அவர்கள் அனுப்பும் பிரதிநிதிகள் கூடும் சபைக்குத்தான் உச்ச அதிகாரம், நம் ஊர்ச் சங்கத்துப் பொதுக்குழு மாதிரி. அந்தச் சபைதான் செயற்குழுவைத் தேர்ந்தெடுக்கிறது. தலைவர், துணைத் தலைவர்கள், பொதுச் செயலாளர், பொருளாளர், கண்டங்களின் பிரதிநிதிகள், அப்புறம் கல்வி, அறிவியல் என்று கமிஷன்கள். தலைவர்களாக இருந்தவர்களைப் பாருங்கள். பிரேசிலின் எடுவார்டோ டி ரோஸ், ஹாங்காங்கின் எலும்பு அறுவை மருத்துவர் கை-மிங் சான், 2010ல் தலைவரான இத்தாலியின் ஃபாபியோ பிகோட்ஸி. எல்லாருமே பேராசிரியர்கள், தங்கள் நாட்டில் பல வருடம் சங்க வேலை பார்த்து, கண்ட அளவில் பெயர் வாங்கி அப்புறம் வந்தவர்கள். இந்தப் பதவிகளை யாரும் பிழைப்புக்காகத் தேடி வருவதில்லை. அவர்களுக்குச் சோறு போடுவது ஆஸ்பத்திரியும் யுனிவர்சிட்டியும்.

இந்தியாவிலிருந்து இந்த ஏணியில் ஏற வேண்டுமென்றால் வழி எம்.பி.பி.எஸ்., பிறகு எம்.டி. ஸ்போர்ட்ஸ் மெடிசின், அல்லது எலும்பியல், மறுவாழ்வு மருத்துவம் போன்ற ஒன்று, பிறகு 1971ல் பாட்டியாலாவில் தொடங்கிய இந்திய விளையாட்டு மருத்துவச் சங்கத்தில் ஆண்டுக்கணக்கில் உழைப்பு. உங்கள் பெண் பிசியோதெரபிஸ்ட். நேராகச் சொல்கிறேன், இந்த ஏணி அவளுடையது அல்ல. அவளுக்குப் பக்கத்தில் இருப்பது ஐ.எஃப்.எஸ்.பி.டி. என்கிற சர்வதேச விளையாட்டு பிசியோதெரபி சம்மேளனம். அமைப்பு ஏறக்குறைய அதே மாதிரி, ஆனால் ஓட்டுப் போடுவதும் பதவிக்கு நிற்பதும் பிசியோக்கள். இதை கன்சல்டன்சி சொல்லவே இல்லையே, ஏன் என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது ஏணி, சம்பளம் வாங்கும் ஊழியர்கள். ஃபிஃபா மாதிரி, ஒலிம்பிக் கமிட்டி மாதிரி டி.வி. உரிமைப் பணம் கொட்டுகிற இடத்தில் நூற்றுக்கணக்கில் ஆட்கள் இருக்கிறார்கள். மருத்துவ சம்மேளனத்துக்கு டி.வி. உரிமை எங்கே இருக்கிறது? சந்தா, மாநாட்டுக் கட்டணம், பயிற்சி வகுப்பு, ஸ்பான்சர். செயலகம் என்பது ஒரு கை விரல்களில் எண்ணிவிடக்கூடிய அளவுக்குத்தான் இருக்கும். மாநாட்டு வேலையின் பெரும் பகுதியை நடத்துகிற நாட்டின் சங்கமே பார்த்துவிடும். ஆக "ஃபிம்ஸில் வேலை உறுதி" என்பது, ஒரு கடையில் மொத்தமே மூன்று பேர் வேலை பார்க்கும்போது நாலாவது ஆளுக்கு இப்போதே அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் தருகிறேன் என்பது மாதிரி.

அதற்கு மேல் சுவிட்சர்லாந்து விசா. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து ஒருவரை எடுக்க வேண்டுமானால், உள்நாட்டிலும் ஐரோப்பாவிலும் தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி காட்ட வேண்டும், வருடத்துக்கு இத்தனை பர்மிட் என்று ஒதுக்கீடு வேறு. சின்னச் செயலகம் எதற்கு அந்தத் தலைவலியை இழுத்துவிட்டுக்கொள்ளும்? இந்தச் சம்மேளனங்கள் பலவும் இருக்கும் லோசான் பிரெஞ்சு பேசும் ஊர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்தச் சம்மேளனக்காரர்கள் லோசானில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பெண் கேட்டிருந்தாளாம். நல்ல கேள்வி. ஒலிம்பிக் கமிட்டி அங்கே இருப்பது ஒரு காரணம். இன்னொன்று சட்டம். சுவிஸ் சிவில் சட்டத்தின் 60 முதல் 79 வரையிலான பிரிவுகளில் சங்கங்களுக்கான முழு விதியும் முடிந்துவிடுகிறது. நம் தமிழ்நாட்டில் 1975ஆம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் சேர்ந்து பதிவாளரிடம் போக வேண்டும். அங்கே லாப நோக்கமில்லாத சங்கம் என்றால் எழுத்தில் ஒரு பைலா, அதாவது சங்கத்தின் விதித்தொகுப்பு, இருந்தாலே போதும், சங்கம் பிறந்துவிடும். ஃபிஃபாவும் ஒலிம்பிக் கமிட்டியும் அதே பிரிவுகளின் கீழ் வந்த சங்கங்கள்தான், நம்பச் சிரமமாக இருக்கும்.

ஆனால் விதி கொஞ்சமாக இருக்கிறது என்றால் அலட்சியமாக இருக்கலாம் என்று அர்த்தமில்லை. நிகழ்ச்சி நிரலில் முறையாக அறிவிக்காத விஷயத்தை, பைலா அனுமதித்தால் ஒழிய, கூட்டத்தில் தீர்மானமாக்க முடியாது. ஒரு உறுப்பினருக்கோ, கணவன் மனைவிக்கோ, நேர் ரத்த உறவுக்கோ சங்கத்தோடு கொடுக்கல் வாங்கலோ வழக்கோ இருந்தால், அந்தத் தீர்மானத்தில் அவருக்கு ஓட்டு இல்லை. ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கேட்டால் பொதுக்குழுவைக் கூட்டியே ஆக வேண்டும். சட்டத்துக்கோ பைலாவுக்கோ விரோதமான தீர்மானத்தை, அதற்குச் சம்மதம் தராத உறுப்பினர், விஷயம் தெரிந்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் எதிர்க்கலாம். அந்த ஒரு மாதத்தை யோசித்துப் பாருங்கள். உறுப்பினருக்கு விஷயம் என்றைக்குத் தெரிந்தது? மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, என்றைக்கு அனுப்பப்பட்டது, யாருக்கு, எந்த முகவரிக்கு? அதை எழுதி, அனுப்பி, ஃபைல் பண்ணி வைக்கிற ஆள்தான் சம்மேளன நிர்வாகி. உங்கள் பெண் ஆசைப்படுகிற வேலை அதுதான். கேமரா முன்னால் நிற்கிற வேலை இல்லை.

இதைக் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு சர்வதேச பளு தூக்கும் சம்மேளனத்தின் கதை போதும். தாமஸ் அயான் 1976 முதல் பொதுச் செயலாளர், 2000 முதல் தலைவர், 2020ல்தான் இறங்கினார். அந்த வருடம் ஜூனில் வந்த மெக்லாரன் விசாரணை அறிக்கை, 10.4 மில்லியன் டாலருக்குக் கணக்கே இல்லை என்றது. பணத்தை ரொக்கமாகவே எடுத்துப் புழங்கியிருக்கிறார்கள். வவுச்சர் எங்கே என்று கேட்க வேண்டிய செயற்குழு இத்தனை வருடம் என்ன பண்ணிக்கொண்டிருந்தது?

என் கதை இதில் தூசு, ஆனாலும் சொல்கிறேன். இந்த ஆலோசனைத் தொழிலுக்கு வரும் முன் ஒரு மாவட்ட விளையாட்டுச் சங்கத்தில் இணைச் செயலாளராக இருந்தேன், சங்கத்தின் பெயர் வேண்டாம். தேர்தல் தகராறு ஆகி, பழைய மினிட் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். நீளமான ரூல் போட்ட நோட்டு, அட்டையில் மஞ்சள் பொட்டு. வருகைப் பக்கத்தில் 19 கையெழுத்து, கோரத்துக்கு, அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வர வேண்டிய எண்ணிக்கைக்கு, வேண்டியது 18. சரி என்று விட்டுவிடும் நேரத்தில், ஒன்பதாவது கையெழுத்துக்காரர் அந்தத் தேதியில் ஆபரேஷன் ஆகி மதுரையில் படுத்திருந்தார் என்று அவர் மகனே எழுந்து சொன்னார். பதினான்காவது கையெழுத்தின் மை வேறு நிறம். இரண்டையும் அடித்தால் 17. கோரம் போச்சு, தீர்மானம் போச்சு, அந்தத் தீர்மானத்தை வைத்து அனுப்பிய அணிக்கு வந்த மானியமும் நின்றுபோச்சு. எட்டுப் பிள்ளைகள் அந்த வருடம் போட்டிக்குப் போகவில்லை. அந்தப் புத்தகத்தை எழுதியது நான் இல்லை, ஆனால் முந்தைய வருடம் அதே மாதிரி ஒரு பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

சரி, படிப்புக்கு வருவோம். சுவிட்சர்லாந்தில் நல்ல கோர்ஸே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். லோசானில் ஏ.ஐ.எஸ்.டி.எஸ். என்ற விளையாட்டு நிர்வாகப் படிப்பு நிறுவனம் இருக்கிறது, 2000ல் ஒலிம்பிக் கமிட்டியும் அந்தப் பகுதிப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து தொடங்கியது. அதே வருடம் ஆரம்பித்த ஃபிஃபா மாஸ்டர், லெஸ்டர், மிலான், நியூஷாடெல் என்று மூன்று ஊரில் மாறி மாறி நடக்கும். இரண்டும் தரமானவை. ஆனால் இவற்றுக்கு வருகிறவர்களில் பலர் நாலைந்து வருடம் எங்காவது வேலை பார்த்து, என்ன தெரியவில்லை என்று தெரிந்துகொண்டு வருகிறவர்கள். மெமோஸ் என்று இன்னொன்று, அது ஏற்கெனவே விளையாட்டு அமைப்பில் வேலையில் இருப்பவர்களுக்கே. 22 வயதில், ஒரு ரசீதுப் புத்தகம்கூடக் கிழிக்காமல், 35 லட்சம் கடனோடு அந்த வகுப்பில் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் பேசுவது பாதி புரியாது. கன்சல்டன்சி சொல்வது இந்த மூன்றில் ஒன்றா, வேறு ஏதாவது தனியார் கல்லூரியா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். "வேலை உறுதி" என்ற வார்த்தையையும் லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்கள்.

அதற்குப் பதிலாக இங்கே இரண்டு மூன்று வருடம். முதலில் இன்டர்ன்ஷிப்பை முழுதாக முடித்து பிசியோ பதிவை வாங்கட்டும், கையில் ஒரு தொழில் இருப்பது எந்தக் காலத்திலும் நல்லது. சென்னைப் பக்கம் மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மேலாண்மைப் படிப்புகளைப் போய் விசாரியுங்கள், ஈரோட்டிலிருந்து ஒரு ராத்திரி ரயில்தான். போட்டிகளுக்குத் தன்னார்வலராகப் பெயர் கொடுக்கட்டும். 2022ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட், 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டி எல்லாம் இங்கேதான் நடந்தன. மெடிக்கல் டெஸ்கில் நின்று, எந்த வீரருக்கு என்ன காயம், யார் பார்த்தார்கள், எந்தப் படிவம் யாருக்குப் போனது என்று ஒரு வாரம் எழுதினால் ஒரு செமஸ்டருக்குச் சமம்.

2025ல் தேசிய விளையாட்டு ஆளுமைச் சட்டம் வந்திருக்கிறது. தேசிய விளையாட்டு வாரியம், விளையாட்டுத் தீர்ப்பாயம் எல்லாம் அதில் உண்டு. சம்மேளனங்கள் கணக்கையும் தேர்தலையும் ஒழுங்காக வைத்தே ஆக வேண்டிய நிலை. பைலா படிக்கத் தெரிந்த, மருத்துவ வார்த்தைகளும் தெரிந்த ஆளுக்கு டெல்லியிலும் சென்னையிலும் இனிமேல் தேவை கூடும் என்பது என் கணிப்பு, தப்பாகவும் போகலாம். அப்புறம் பிரெஞ்சு. தினமும் அரை மணி நேரம், இப்போதே.

பெண்ணிடம் ஒன்று சொல்லுங்கள். உங்கள் தெருவிலோ ஊரிலோ ஏதாவது ஒரு சங்கம் இருக்கும், கபடிக் குழுவோ குடியிருப்போர் நலச் சங்கமோ, எதுவானாலும் சரி. அடுத்த கூட்டத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து மினிட்ஸ் எழுதட்டும். யார் வந்தார்கள், யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், எதிர்த்தவர் எத்தனை பேர், எத்தனை மணிக்கு முடிந்தது. இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அதை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பட்டும், சிவப்பு மையில் திருத்தி அனுப்புகிறேன். அதற்கு ஃபீஸ் கிடையாது.