கையெழுத்துப் போட வேண்டியவர் மலையடியில் இருந்தால்?

கேள்வி: பெண்களான நானும் என் துணைவியும் சேர்ந்து வாழ்கிறோம். அவர் தனியொருவராகத் தத்தெடுத்த எங்கள் மகளுக்கு ஆறு வயது. ஏற்காட்டில் அவளைப் பள்ளியில் விடுவது, அழைத்து வருவது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் நான்தான். துணைவிக்குச் சேலத்தில் வேலை. சட்டப்படி நான் யாருமில்லை. என்ன எழுதி வைத்துக்கொள்வது?

பதில்: தத்தெடுப்பு விதிகள் தம்பதியாக ஏற்பது திருமணமானவர்களை மட்டுமே. ஒரே பாலினத் திருமணம் பற்றி 2023 அக்டோபர் 17 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் பெரும்பான்மை நீதிபதிகள் அதை மாற்றவில்லை. திருமணம் இல்லாமலும் குடும்பம் அமையும் என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது மனதுக்குத் தெம்புதான். ஆனால் அதை நம்பி ஆஸ்பத்திரி ஒப்புதல் படிவத்தில் 'தாய்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

'இவரைப் பாதுகாவலராக நியமிக்கிறேன்' என்று முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் போகிறார்கள் பலர். வீண் செலவு. பாதுகாவலரை நியமிப்பது நீதிமன்றம். அதற்கு 1890ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உங்களுக்கு இப்போது வேண்டியது அதிகாரக் கடிதம். 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யும் செயலுக்கு, பாதுகாவலர் மட்டுமல்ல, குழந்தையைச் சட்டப்படி பொறுப்பில் வைத்திருப்பவரும் ஒப்புதல் தரலாம் என்கிறது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆம் பிரிவு. குழந்தை உங்கள் பொறுப்பில் இருப்பது தாயின் விருப்பப்படிதான் என்று காட்டுவதே இந்தக் கடிதத்தின் வேலை.

துணைவி எழுதிக் கையெழுத்திட வேண்டும். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, உங்கள் இருவர் பெயரும் ஆதாரில் உள்ளபடியே. ஒரு இனிஷியல் மாறினாலும் கவுண்டரில் நிற்க வைப்பார்கள். 'எல்லா அதிகாரமும்' என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம். புறநோயாளி சிகிச்சை, ரத்தப் பரிசோதனை, தையல், ட்ரிப்ஸ், உள்நோயாளியாகச் சேர்ப்பது என்று பிரித்து எழுதுங்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவைக்குத் தாயிடம் போனில் கேட்கவும் என்று ஒரு வரி, அவருடைய எண்ணோடு அலுவலக எண்ணும். ரத்த வகை, ஒவ்வாமை, எடை. மருந்தளவு எடையை வைத்துத்தான் என்பதால் எடையை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள். கடிதம் ஒரு கல்வியாண்டுக்குப் போதும். தேதி பழசானால் சந்தேகப்படுவார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, தத்து ஆணையின் நகலை இணைத்து, ஒன்று பள்ளியில், ஒன்று வழக்கமான டாக்டரிடம், ஒன்று பைக்குள். போனில் படமும் இருக்கட்டும்.

உயிருக்கு ஆபத்தென்றால் ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு டாக்டருக்குப் பாதுகாப்புத் தருகிறது. சிக்கல் வருவது கை முறிவு, விடாத காய்ச்சல் போன்ற நடுத்தரமான வேளைகளில்தான். 'அம்மா வரட்டும்' என்பார்கள். அம்மா 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும். அப்போது உறவு என்ற இடத்தில் பயந்துபோய் 'சித்தி' என்று எழுதிவிடாதீர்கள். குழந்தை உங்களை அம்மா என்று கூப்பிடும், காகிதம் சித்தி என்று சொல்லும், சந்தேகம் அங்கேதான் முளைக்கும். 'வளர்ப்பவர், கடிதம் இணைப்பு' என்று எழுதுங்கள். காப்பீட்டு அட்டை துணைவியின் போனில் மட்டும் இருந்தால் கேஷ்லெஸ் (கையிலிருந்து பணம் கட்டாத சிகிச்சை) கிடைக்கத் தாமதமாகும், உங்களிடமும் ஒன்று வேண்டும்.

பள்ளிப் படிவத்தில் தந்தை பெயர்: 'பொருந்தாது'. அழைத்துச் செல்பவர் பட்டியலில் உங்கள் பெயர், புகைப்படத்தோடு. வகுப்பு ஆசிரியையிடம் ஜூன் மாதமே பேசிவிடுங்கள். 'என் குடும்பம்' படம் வரையச் சொல்லும் நாளில் பேசினால் அவரும் தடுமாறுவார், குழந்தையும் தடுமாறும்.

துணைவிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதிகாரக் கடிதம் செல்லாது. அதற்கு உயில் வேண்டும்: குழந்தைக்குப் பாதுகாவலராக உங்களைக் குறிப்பிட்டு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். அப்போதும் குழந்தையின் நலனைப் பார்த்தே நீதிமன்றம் முடிவெடுக்கும் என்பதால், பள்ளிக் கட்டண ரசீது, தடுப்பூசி அட்டை, டாக்டர் சீட்டு என்று உங்கள் பெயர் இருக்கும் ஒவ்வொரு காகிதத்தையும் ஒரே ஃபைலில் சேர்த்து வையுங்கள். ஆயுள் காப்பீட்டில் மகள் நாமினி என்றால், அவள் மைனர் என்பதால் பணத்தைப் பெற ஒரு பெரியவரை நியமிக்கச் சொல்வார்கள். ஏஜெண்ட் கேட்காமலே தாத்தா பெயரை எழுதிவிடுவதுண்டு. பாலிசியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.