கிட்டார் பிக்கப் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்!

எலக்ட்ரிக் கிட்டாரில் ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள்தான் பிக்கப், அதில் இரட்டைச் சுருள் வகைதான் ஹம்பக்கர். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹம்பக்கர் பற்றித்தான். என்ன ஆயிற்று உங்கள் எல்லோருக்கும் என்று தெரியவில்லை. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டு ஹம்பக்கர் உள்ள ஆரம்பநிலை கிட்டார் ஒன்று வைத்திருக்கிறேன். டிராப் சி ட்யூனிங்கில் (ஸ்ட்ரிங்குகளைத் தளர்த்தி, கனமான ஸ்ட்ரிங்கை சி சுரம் வரை இறக்கி) மெட்டல் இசை வாசித்தால் எல்லாம் சேறு மாதிரி கொழகொழவென்று கேட்கிறது. கடைக்காரர், "16 கிலோ ஓமுக்கு மேல இருக்கிற பிக்கப் போடு, சும்மா அதிரும்" என்கிறார். பத்தாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். எதை வாங்கலாம்? (கோவை வாசகர்)

தம்பி, அந்தப் பத்தாயிரம் இன்னும் ஒரு வாரம் பையிலேயே இருக்கட்டும்.

முதலில் ஸ்ட்ரிங். கிட்டாரோடு வந்த மெல்லிய 9-42 செட்டை (எண்கள் ஸ்ட்ரிங்கின் தடிமன்) அப்படியே வைத்துக்கொண்டு டிராப் சி-க்கு இறக்கியிருந்தீர்கள் என்றால், ஆறாவது ஸ்ட்ரிங் துணி காயப்போடும் கொடி மாதிரி தளர்ந்து கிடக்கும், ஓங்கி அடிக்கும் ஒவ்வொரு முறையும் சுருதி ஏறி இறங்கும், அதை எந்தப் பிக்கப்பாலும் காப்பாற்ற முடியாது. 11-54 போல கனமான செட் போடுங்கள். நட்டில் (கழுத்தின் நுனியில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் துண்டு) உள்ள பள்ளத்தைக் கொஞ்சம் அராவ வேண்டி வரலாம், அந்த வேலையை மட்டும் தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

அடுத்தது பிக்கப்பின் உயரம். இதற்கு ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் ஸ்கேலும் போதும். கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த கடைசி உலோகக் கோட்டில்) ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் இரும்பு முனைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். பிரிட்ஜ் பிக்கப்புக்கு (ஸ்ட்ரிங்குகள் முடியும் பக்கம் இருப்பது) 2 மில்லிமீட்டர், நெக் பிக்கப்புக்கு (கழுத்துப் பக்கம் இருப்பது) 2.5 என்று ஆரம்பிக்கலாம். நிறையப் பேர் சத்தம் கூடுதலாக வரும் என்று பிக்கப்பை ஸ்ட்ரிங்கை முட்டுகிற அளவுக்கு ஏற்றி வைத்திருப்பார்கள். நடப்பது வேறு. காந்தம் ஸ்ட்ரிங்கைப் பிடித்து இழுக்கும், ஒலி சீக்கிரம் அடங்கும், தாழ்ந்த சுரங்கள் பொங்கி வழியும். கனமான ஸ்ட்ரிங் இருக்கும் பக்கத்தை மட்டும் அரை அரைச் சுற்றாக இறக்கிக்கொண்டே ஒரே ரிஃப்பைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பாருங்கள். ஏதோ ஒரு இடத்தில் சேறு விலகி, ஒவ்வொரு அடியும் 'டக், டக்' என்று தனித்தனியாக விழும். அங்கே நிறுத்துங்கள்.

மூன்றாவது கெயின், அதாவது ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) ஒலியைக் கரகரக்க வைக்கும் குமிழ். இதைச் சொன்னால் மெட்டல் பிள்ளைகளுக்குக் கோபம் வரும், வரட்டும். கெயினைக் கால்வாசி குறைத்துவிட்டு, ஆம்புக்கு முன்னால் ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல் ஒன்றை டிரைவ் பூஜ்யத்திலும் லெவல் முழுக்கவும் வைத்துப் போடுங்கள். அந்தப் பெடலின் சர்க்யூட்டே அடியில் இருக்கும் ஒலியைக் கழித்துவிட்டு நடு ஒலியை மட்டும் தூக்கிக் கொடுக்கும். மெட்டல் ரெக்கார்டிங்குகளில் கேட்கிற இறுக்கத்தில் அந்தப் பச்சை டப்பாவுக்குப் பெரிய பங்கு உண்டு. லேப்டாப்பில் வாசிப்பவர் என்றால் இன்னும் சுலபம், பெரும்பாலான ஆம்ப் ப்ளக்-இன்களில் இதே பெடல் உள்ளேயே இருக்கும்.

இவ்வளவு செய்தும் சேறு போகவில்லையா? அப்படியானால் சரி, பிக்கப்பை மாற்றலாம். இப்போது கடைக்காரரின் 16 கிலோ ஓம் கதைக்கு வருவோம்.

அந்த எண், பிக்கப்பில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியின் மின்தடை, அவ்வளவுதான். கம்பி மெல்லியதாக இருந்தால் சுற்றுகள் கூடாமலேயே அந்த எண் கூடிவிடும். செய்மர் டங்கன் நிறுவனத்தின் ஜேபியையும் டிஸ்டார்ஷனையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பிரிட்ஜ் பிக்கப், இரண்டுமே 16 கிலோ ஓமைத் தாண்டியவை, மல்ட்டிமீட்டரில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் ஜேபிக்குள் இருப்பது ஆல்னிகோ 5 காந்தம், டிஸ்டார்ஷனுக்குள் செராமிக். ஒன்று மேல்-நடு ஒலியை முன்னால் தள்ளிப் பாடும், இன்னொன்று முரட்டுத்தனமாகக் கடிக்கும். இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். செம்பின் தடை ஒரு டிகிரி வெப்பத்துக்குச் சுமார் 0.39 சதவீதம் ஏறும். ஊட்டிக் குளிரில் 16 காட்டும் பிக்கப், மே மாதம் சென்னையில் 17-ஐத் தாண்டிக் காட்டும். அதற்காக அது சென்னையில் அதிகமாக அதிருமா என்ன?

இந்த 'ஹாட் பிக்கப்' மோகத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. பிக்கப் தயாரிப்பாளர் லாரி டிமார்ஸியோ 1972-ல் சூப்பர் டிஸ்டார்ஷன் என்ற பிக்கப்பைக் கொண்டுவந்தார். கிட்டாரில் வந்ததைக் கழற்றிவிட்டு வேறு வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்ற பழக்கமே அதிலிருந்துதான் பரவியது. அன்றைய வால்வ் ஆம்ப்களில் இன்றுபோல் அளவில்லாத கெயின் கிடையாது. ஆம்பைத் திணறவைக்க வேண்டுமென்றால் பிக்கப்தான் முட்டித் தள்ள வேண்டும். இன்றைக்கு நூறு டாலர் ஆம்பில்கூட கெயின் கொட்டிக் கிடக்கிறது, அதன்மேல் இன்னும் பலத்தைக் கொட்டினால் கஞ்சிதான் கிடைக்கும். ஆகவே நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: கெயின் போட்ட நிலையில் மூன்று நான்கு ஸ்ட்ரிங்கைச் சேர்த்து அடித்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு சுரமும் கேட்கிறதா?

உங்கள் இடத்தில் நான் இருந்தால் பிரிட்ஜுக்கு மட்டும் ஒன்று வாங்குவேன். கிட்டார் மந்தமாக, போர்வை போர்த்திய மாதிரி ஒலித்தால் செராமிக் காந்தம் உள்ளது. டங்கன் கஸ்டம் ஒரு நல்ல நடுவழி, சுமார் 14 கிலோ ஓம்தான், கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். ஏற்கெனவே கீச்சென்று காதைக் குத்துகிற கிட்டார் என்றால் ஆல்னிகோ பக்கம் போங்கள். ட்ரெமலோ பிரிட்ஜ் (கைப்பிடியை அமுக்கிச் சுருதியை ஆட்டும் வகை) உள்ள கிட்டாரா? அப்படியானால் இரண்டு ஓர ஸ்ட்ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் தூரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். அந்த வகைப் பிரிட்ஜுக்கென்று முனைகள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமாக வைத்த பிக்கப்புகள் தனியாக விற்கின்றன.

கேள்வி: ஹம்பக்கர் போட்டால் இரைச்சலே வராது என்றார்கள். போட்ட பிறகும் 'உர்ர்ர்' என்கிறதே, ஏமாற்றிவிட்டார்களா? (மதுரை வாசகர்)

ஏமாற்றவில்லை, பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

கிப்சனில் வேலை பார்த்த செத் லவர் என்பவர் 1955-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1957-ல் கிட்டார்களில் வந்துவிட்டது, காப்புரிமை கைக்கு வந்தது 1959-ல். நடுவில் பிக்கப்பின் அடியில் 'பேட்டன்ட் அப்ளைட் ஃபார்' (காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்) என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பிஏஎஃப் என்று இன்றைக்கும் லட்சக்கணக்கில் விலை பேசுகிறார்களே, அந்தப் பெயர் அந்த ஸ்டிக்கரின் மூன்று முதலெழுத்துதான்.

உள்ளே இரண்டு சுருள்கள் இருக்கும், இரண்டையும் எதிரெதிர்த் திசையில் இணைத்திருப்பார்கள். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் இரண்டிலும் ஒரே மாதிரி புகுவதால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். காந்த முனைகளையும் இரண்டில் தலைகீழாக வைத்திருப்பதால் ஸ்ட்ரிங்கின் ஒலி மட்டும் அழியாமல் கூடிக்கொள்ளும். பிக்கப்புக்குள் நுழையும் முனகலுக்குத்தான் இந்த வைத்தியம். வயரிங்கில், கேபிளில், எர்த் இல்லாத ப்ளக்கில் வருவதற்கு அது என்ன செய்யும்?

ஸ்ட்ரிங்கைக் கையால் தொட்டதும் இரைச்சல் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் கிட்டாருக்குள் ஷீல்டிங் (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) போதவில்லை, செம்பு டேப் ஒட்டினால் நிறையக் குறையும். தொட்டதும் கூடினாலோ, பாடும்போது மைக்கில் உதடு பட்டுச் சுள்ளென்றாலோ வாசிப்பதை அப்போதே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இதில் விளையாட்டு வேண்டாம். மூன்று பின் ப்ளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகி வைத்திருக்கும் வீடுகள் எத்தனை பார்த்துவிட்டேன்!

கேள்வி: மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் மாதிரி ரிதம் வாசிக்க ஆசை. ஆக்டிவ் பிக்கப்தான் போட வேண்டுமா? பாட்டரி தொல்லை எப்படி? (வெள்ளவத்தை வாசகர்)

அவர் பல வருடங்கள் வாசித்தது பிரிட்ஜில் இஎம்ஜி 81, நெக்கில் இஎம்ஜி 60. வலது கை அவருடையது, அது கடையில் கிடைக்காது.

ஆக்டிவ் என்றால் சுருளில் கம்பியைக் குறைவாகச் சுற்றிவிட்டு, பிக்கப்புக்குள்ளேயே ஒரு குட்டி ப்ரீஆம்பை வைத்து 9 வோல்ட் பாட்டரியில் ஓட்டுவது. இரைச்சல் குறைவு, நீளமான கேபிளிலும் கூர்மை மங்காது, காந்தம் பலவீனமானது என்பதால் ஸ்ட்ரிங்குக்கு நெருக்கமாகவே வைக்கலாம். உள்ளங்கையை வைத்து அமுக்கி வேகமாக வாசிக்கும் ரிதமுக்கு இது கத்தி மாதிரி. மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கிறது, உயிரில்லை என்று சிலர் குறைப்படுவார்கள். அந்தக் குறையிலும் நியாயம் இருக்கிறது. வால்யூமைக் குறைத்து அதே சேனலில் கிளீன் ஒலி எடுக்கும் பழக்கம் இருப்பவர்கள் பாட்டரி இல்லாத பாசிவிலேயே இருங்கள்.

பாட்டரி, பிக்கப் நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு பிக்கப்புக்குச் சுமார் 3000 மணி நேரம் வரும். ஆனால் கேபிள் ஜாக்கில் செருகியிருக்கும் வரை பாட்டரி ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் வாசித்தாலும் தூங்கினாலும் அதற்கு ஒன்றுதான். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு கல்லூரி விழாவில். வாரக்கணக்கில் கேபிளை உருவாமலே வைத்திருந்திருக்கிறேன். இரண்டாவது பாட்டின் நடுவில் ஒலி செல் தீர்ந்த டிரான்சிஸ்டர் மாதிரி கரகரத்து, சுருங்கி, செத்தே போனது. டிரம்மர் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிடுங்கள், பையில் ஒரு பாட்டரி உபரியாகக் கிடக்கட்டும்.

மாட்டும்போது இன்னொன்று: வால்யூம் குமிழின் அடியில் இருக்கும் பாட் (மாறுதடை) பாசிவ் ஹம்பக்கருக்கு 500 கே (கிலோ ஓம்), ஆக்டிவுக்கு 25 கே. பழைய பாட்களை அப்படியே விட்டால் வால்யூம் குமிழ் குமிழாக இருக்காது, ஸ்விட்ச் மாதிரி திடீரென்று விழும். செட்டிலேயே பாட்கள் வரும், சோம்பல்படாமல் மாற்றிவிடுங்கள். இஎம்ஜி தவிர ஃபிஷ்மன் ஃப்ளூயன்ஸும் பாருங்கள். அதில் கம்பி சுற்றுவதே இல்லை, அச்சிட்ட சர்க்யூட் அடுக்குகள்தான் சுருள். ஒரே பிக்கப்பில் இரண்டு குரல், குமிழை இழுத்தால் மாறும்.

கேள்வி: ஹம்பக்கர் இல்லாமல் ஹெவியாக வாசிக்கவே முடியாதா? (சேலம் வாசகர்)

பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி 1970-ல் வெளிவந்த முதல் ஆல்பத்துக்குப் பெரும்பாலும் வாசித்தது பி-90 பிக்கப் உள்ள கிப்சன் எஸ்ஜி கிட்டாரில். பி-90 என்பது ஒற்றைச் சுருள். அதைவிட ஹெவி வேண்டுமா?

இன்றைய அளவு கெயினில் ஒற்றைச் சுருளோடு வாசித்தால் இரைச்சல் உங்களைத் தின்றுவிடும், அதனால்தான் எல்லோரும் ஹம்பக்கருக்கு வந்தோம்.

கேள்வி: பிரிட்ஜில் டங்கன், நெக்கில் டிமார்ஸியோ என்று நானே சாலிடர் செய்து மாட்டினேன். தனித்தனியாக நன்றாக ஒலிக்கின்றன. ஸ்விட்சை நடுவில் வைத்தால் மட்டும் டெலிபோனில் பேசுகிற மாதிரி மெலிந்து போகிறது. என்ன தவறு? (திருச்சி வாசகி)

உங்கள் சாலிடரில் தவறில்லை அம்மா, வயர் நிறத்தில்தான். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே குழியில் விழுந்து கிடந்தவன்தான்.

டங்கனில் கருப்பு வயர்தான் சிக்னல், பச்சையும் மேலுறை இல்லாத வெற்றுக் கம்பியும் கிரவுண்ட், சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிட வேண்டும். டிமார்ஸியோவில் சிவப்புதான் சிக்னல், கருப்பும் வெள்ளையும் சேர வேண்டியவை, பச்சை கிரவுண்ட். ஒன்றின் படத்தைப் பார்த்து இன்னொன்றை மாட்டினால் இப்படித்தான் ஆகும். நிறங்களைச் சரியாகப் போட்ட பிறகும் நடுவில் மெலிந்தால் ஏதாவது ஒரு பிக்கப்பில் மட்டும் சிக்னலையும் பச்சையையும் இடம் மாற்றுங்கள். வெற்றுக் கம்பி எப்போதும் கிரவுண்டிலேயே இருக்க வேண்டும், அதை மறந்தால் உர்ர்ர்தான்.

அந்தச் சிவப்பு-வெள்ளை முறுக்கை இழுத்தால் ஸ்விட்ச் ஆகிற ஒரு புஷ்-புல் குமிழுக்குக் கொண்டுபோய் கிரவுண்டில் தட்டினால் ஒரு சுருள் அணைந்து சிங்கிள் காயில் ஒலி கிடைக்கும். கவரைத் திறந்தது திறந்தாயிற்று, அதையும் செய்துவிடுங்கள்.

கேள்வி: நெக் பிக்கப்புக்கு எது? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பிரிட்ஜில் போட்டதைவிடப் பலம் குறைந்தது. நெக் அருகே ஸ்ட்ரிங் அதிகமாக ஆடும், அங்கே ஹாட் பிக்கப் வைத்தால் சோலோ எல்லாம் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி கேட்கும். பிரிட்ஜில் ஜேபி, நெக்கில் அதே நிறுவனத்தின் ஜாஸ் என்ற ஜோடியை எத்தனையோ வருடமாக ஜனங்கள் மாட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஜாஸ் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கேள்வி: கருப்பா, கருப்பு-வெள்ளை ஜீப்ராவா, எது ஒலி நன்றாக இருக்கும்? (நெல்லை வாசகர்)

ஜீப்ரா. போட்டோவில்.