வாசகர் கேள்வி – பதில்: தேர்வு ஜெர்மனும் வார்டு ஜெர்மனும்

கேள்வி: என் மகள் பாளையங்கோட்டையில் செவிலியர் படிப்பை முடித்து, ஜெர்மன் மொழியில் பி2 நிலைத் தேர்விலும் தேறி, ஸ்டுட்கார்ட் அருகில் ஒரு முதியோர் இல்லத்தில் பணிக்குச் சேர்ந்திருக்கிறாள். படித்த மொழி ஒன்று, அங்குள்ள பெரியவர்கள் பேசுவது வேறு என்கிறாள். இரவில் ரொட்டியும் சீஸும்தான் கிடைக்கின்றன. அண்டை வீட்டார் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?
– வாசகி, வள்ளியூர்

பதில்: தங்கள் மகளின் படிப்பில் குறையில்லை, அம்மா. பி2 தேர்வு பொது ஜெர்மனுக்கு உரியது. ஸ்டுட்கார்ட் வட்டாரத்து முதியவர்கள் பலர் பேசுவதோ ஷ்வேபிஷ் என்னும் வட்டார வழக்கு. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு வேலைக்கு வரும் ஒரு செவிலியர், ‘சாரத்தை எடும்மா’ என்று பெரியவர் கேட்கும்போது அவர் கைலியைத்தான் கேட்கிறார் என்று அறியாமல் திகைப்பதில்லையா? அங்கும் அதுதான் நடக்கிறது. ‘ஃபூஸ்’ என்றால் பாடநூலில் பாதம். ஷ்வேபிஷ் பேசுபவருக்கு இடுப்பிலிருந்து விரல்வரை கால் முழுவதும் அதுவே. ஆகவே ‘ஃபூஸ் வலிக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், பாதத்தை மட்டும் பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதாமல், எந்த இடம் என்று தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். ‘டெப்பிஷ்’ பொது மொழியில் தரைவிரிப்பு, அவர்களுக்குப் போர்வை. ‘ஹேபன்’ பொது மொழியில் தூக்குவது, அவர்களிடத்தில் பிடித்துக்கொள்வது. எழுந்து நிற்கத் தடுமாறும் ஒருவரிடம் இந்த வேறுபாடு சிறியதன்று.

இத்தகைய சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, பொருளை அந்த முதியவர்களிடமே கேட்கச் சொல்லுங்கள். கேட்கப்படுவதைப் பெரும்பாலான முதியவர்கள் விரும்புவார்கள். ஆனால், மறுமொழியைப் பொது ஜெர்மனிலேயே சொல்லட்டும். அரைகுறையாக வட்டார வழக்கைப் பேசிப் பார்ப்பது கேலிபோலத் தோன்றிவிடும் என்பது என் கருத்து. மரியாதைப் பன்மையான ‘ஸீ’யை, மூத்தவர்கள் தாமாகவே வேண்டாம் என்று சொல்லும்வரை விடக்கூடாது, அண்ணாச்சி என்று அழைத்துப் பழகிய ஊர்ப் பெண்ணுக்கு இதைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை. (மகள் படித்த பாளையங்கோட்டைக்கே 1820இல் எதிர்த்திசையில் ஒருவர் வந்திருக்கிறார். அவர் பிரஷ்யாவில் பிறந்த கிறிஸ்தவ சமயப் பணியாளர் இரேனியுஸ். 1838இல் அங்கேயே இறந்தார். தமிழ் இலக்கண நூல் ஒன்றையும் எழுதினார்.)

அண்டை வீட்டார் பேசாததற்குக் காரணம் பகையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த வட்டாரத்தில் ‘கேர்வோகே’ என்றொரு முறை உண்டு: அடுக்ககத்தில் குடியிருப்போர் வாரம் ஒருவராகப் படிக்கட்டையும் வாசல் நடைபாதையையும் பெருக்கித் துடைக்க வேண்டும், பல வீடுகளில் முறைக்காரரின் கதவில் ஒரு பலகையும் தொங்கும். புதிதாக வந்தவர் தம் முறையைத் தவறவிட்டால், எவரும் நேரில் சொல்லாமல் மனத்தில் வைத்துக்கொள்வதுண்டு. மகள் வீட்டு ஒப்பந்தத்தை எடுத்து, இந்த முறை தன் வீட்டுக்கும் உண்டா என்று பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஓசை எழுப்பாமல் இருப்பதையும் அங்கே கண்டிப்பாக எதிர்பார்ப்பார்கள். தேங்காய்த் துவையலுக்கான மிக்ஸியைச் சனிக்கிழமையே ஓட்டிவிடுவது நல்லது. பிறந்தநாள் வாழ்த்தை ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிடக் கூடாது, அது தீக்குறியாம். பணியிடத்தில் பிறந்தநாள்காரரே கேக் கொண்டுவருவது வழக்கம்.

இரவு ரொட்டி பெரும்பாலான ஜெர்மானிய வீடுகளின் வழக்கம். மகள் தன் வீட்டில் சோறு பொங்குவதை எவரும் தடுக்கப்போவதில்லை. இருந்தாலும் அவ்வூர்ச் சமையலில் ஒன்றையாவது கற்கட்டும். பருப்பைக் குழைய வேகவைத்து வினிகரால் புளிப்பூட்டி, ‘ஷ்பெட்ஸ்லே’யுடன் உண்பார்கள், முட்டை சேர்த்துப் பிசைந்த மாவை, இடியாப்ப உரலை ஒத்த ஓர் அழுத்தியால் கொதிநீரில் நேராகப் பிழிந்தெடுப்பது அது. பருப்பில் பன்றி இறைச்சி சேர்ப்பதுண்டு. வேண்டாதவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டுச் சாப்பாட்டுக்குப் பழகினால் பிள்ளைகள் நம் சாப்பாட்டை மறந்துவிடுவார்களே? பொட்டலத்தில் எதை அனுப்பலாம்?
– வாசகர், தென்காசி

பதில்: மறக்கமாட்டார்கள். நாம் மறுவீட்டு விருந்தில் விரும்பி உண்ணும் தேங்காய்ப்பால் சொதியை யாழ்ப்பாணத்தாரும் தம்முடையதென்றே சமைக்கிறார்கள். அதனால் நம் சொதிக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஜெர்மனிக்கு அனுப்புவதானால் நெய், பால்கோவா, கருவாடு கலந்த பொடி எதுவும் வேண்டாம். இறைச்சியும் பால்பொருளும் வெளியிலிருந்து அஞ்சலில் வருவதை ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை; மீனுக்கும் கட்டுப்பாடு உண்டு. எள்ளுப்பொடி, பருப்புப்பொடி ஆகியவற்றை நன்கு மூடிக் கட்டி, ஒவ்வொன்றின் பெயரையும் விலையையும் சுங்கப் படிவத்தில் எழுதுங்கள். தனிநபர் அன்பளிப்பாக அனுப்பும் பொட்டலத்துக்கு 45 யூரோ மதிப்புவரை தீர்வை இல்லை.