அழிச்ச பேர் எப்படிங்க வெளிய வந்துச்சு?

கேள்வி: ஒருத்தருக்குப் போட்ட கொட்டேஷன் வேர்ட் ஃபைல்லயே பேரையும் ரேட்டையும் மாத்தி இன்னொருத்தருக்கு அனுப்பினேன். அவரு பழைய ஆளோட பேரையும் ரேட்டையும் அப்படியே சொல்றாரு சார். நான் அழிச்சிட்டுத்தானே அனுப்பினேன்?

பதில்: நீங்க அழிக்கலைங்க, மறைச்சிருக்கீங்க. நீங்க பண்ற ஒவ்வொரு மாற்றத்தையும் அழிக்காம குறிச்சு வைக்கற 'ட்ராக் சேஞ்சஸ்' ஆன்ல இருந்திருக்கும், உங்க ஸ்க்ரீன்ல 'நோ மார்க்அப்'னு வச்சிருந்ததால எல்லாம் சுத்தமா தெரிஞ்சிருக்கும், அவரு 'ஆல் மார்க்அப்'னு மாத்தினதும் சிவப்புக் கோடு போட்டு மொத்தமும் வந்து நின்னிருக்கும். இது போக ஃபைலுக்குள்ள எழுதினவர் பேரு, கடைசியா சேவ் பண்ணவர் பேரு, தேதி எல்லாமே உக்காந்திருக்கும். டாக்எக்ஸ்ங்கற வேர்ட் ஃபைலே பல ஃபைல்களைச் சுருக்கிக் கட்டின ஒரு ஜிப்தான், ஒரு காப்பி எடுத்து பேருக்குப் பின்னாடி ஜிப்னு மாத்தித் திறந்து பாருங்க, ஆச்சரியப்படுவீங்க.

பெரிய ஆளுங்களே இதுல மாட்டியிருக்காங்க. 2003ல பிரிட்டிஷ் அரசு ஈராக் பத்தி ஒரு அறிக்கைய வேர்ட் ஃபைலாவே வெளியிட்டுச்சு, கடைசி 10 தடவை அதை யார் யார் சேவ் பண்ணாங்கன்னு உள்ளேயே இருந்துச்சு!

இனிமே முதல்ல ஒரு காப்பி எடுத்துக்குங்க (இதை விட்டுட்டு அப்புறம் ஒரிஜினல் போச்சேன்னு எனக்கு எழுதாதீங்க). அந்தக் காப்பில ரிவ்யூ போய் எல்லா மாற்றத்தையும் அக்செப்ட் பண்ணிட்டு, கமெண்ட்ஸை டெலீட் பண்ணிட்டு, ஃபைல் மெனுல இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ், இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்னு போங்க. என்னென்ன ஒளிஞ்சிருக்குன்னு அதுவே காட்டும், ரிமூவ் ஆல் குடுத்துடுங்க. எக்செல்லயும் இது உண்டு, ஹிட்டன் ஷீட் இருந்தாலும் சொல்லிடும். ஒண்ணு மட்டும் தனியா பாக்கணும், வேர்டுக்குள்ள க்ராப் பண்ண படத்துல வெட்டின பகுதி உள்ளேயேதான் இருக்கும், கம்ப்ரஸ் பிக்சர்ஸ்ல 'டெலீட் க்ராப்டு ஏரியாஸ்' டிக் பண்ணாத்தான் போகும்.

கேள்வி: பிடிஎஃப்ல அக்கவுண்ட் நம்பர் மேல கருப்புக் கட்டம் போட்டு அனுப்புறேன். போதுமா?

பதில்: போதாது. அது எழுத்து மேல போர்த்தின துணி மாதிரி, இழுத்து செலக்ட் பண்ணி நோட்பேட்ல பேஸ்ட் பண்ணா நம்பர் வந்துடும். 2019ல அமெரிக்காவுல, ட்ரம்ப்போட தேர்தல் பிரச்சாரத் தலைவரா இருந்த பால் மனஃபோர்ட்டோட வக்கீல்கள் கோர்ட்டுக்குக் குடுத்த பிடிஎஃப்ல பத்திரிகைக்காரங்க இப்படித்தான் கருப்புக்குக் கீழ இருந்ததைப் படிச்சாங்க. அக்ரோபேட் ப்ரோல கீழ இருக்கற எழுத்தையே நீக்கற ரிடாக்ட்னு தனி டூல் இருக்கு, அதைப் போட்டு அப்ளையும் குடுக்கணும். அது இல்லைன்னா கட்டம் போட்ட பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து படமா அனுப்புங்க, அழகா இருக்காது, ஆனா கீழ எழுத்தும் இருக்காது.

கேள்வி: வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினா எடுத்த இடம் தெரியுமா?

பதில்: சாதாரணமா போட்டோவா அனுப்பினா அந்த விவரம் போயிடும். குவாலிட்டி குறையக்கூடாதுன்னு டாக்குமெண்ட்டா அனுப்புறீங்க பாருங்க, அப்போ ஜிபிஎஸ்ஸும் சேர்ந்தே போகும்.