மேல்காத்தும் கையடக்க அடுப்பும்: கேள்வி பதில்

ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வீசும் மேல்காற்றில் சின்ன அடுப்பை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்கள் கேட்டவை இவை.

கேள்வி (பாளையங்கோட்டை): அண்ணாச்சி, கேஸ் டப்பா மேல திருகுற அடுப்பு வச்சிருக்கேன். செங்கோட்டைப் பக்கம் போனா தீ நீலமாத்தான் எரியுது, ஆனா அரை லிட்டர் தண்ணி கால் மணி நேரமானாலும் கொதிக்க மாட்டேங்கு. அலுமினியத் தாளை டப்பாவோட சேத்து சுத்திரலாமா?

பதில்: சுற்றவே கூடாது. தீ அணையவில்லை என்பதால் காற்று ஒன்றும் செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். சட்டியின் அடியில் பரவ வேண்டிய சூட்டைக் காற்று பக்கவாட்டில் அள்ளிக்கொண்டு போகிறது, சட்டியின் ஓரத்தையும் ஆற்றுகிறது. திருகைத் திறந்து தீயைக் கூட்டினால் டப்பாதான் சீக்கிரம் காலியாகும். காற்றில்லாத இடத்தில் அரை லிட்டருக்கு 7 முதல் 10 கிராம் கேஸ் போதும்.

தீயையும் டப்பாவையும் ஒரே கூட்டுக்குள் அடைத்தால், சட்டியில் பட்டுத் திரும்பும் சூடு டப்பாவில் இறங்கும். உள்ளே இருப்பது திரவமாக்கிய வாயு. சூடு ஏற ஏற அழுத்தமும் ஏறும். 50 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கும். பனிமலை வீடியோக்களில் டப்பாவுக்குச் சூடு காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பூஜ்யம் டிகிரியை ஒட்டி பியூட்டேன் ஆவியாகாது, அதற்காகச் செய்வது. திருநெல்வேலி வெயிலுக்கு அந்தக் கவலையே கிடையாது.

கேள்வி (தென்காசி): அப்போ எப்படித்தான் மறைக்க? தகடுக்கு எங்க போக?

பதில்: இந்த அடுப்புக்கு அரைவட்ட மறைப்புதான் சரி. மேற்கேயிருந்து காற்று வந்தால் மேற்குப் பக்கம் மட்டும் மறைத்து, கிழக்கை முழுசாகத் திறந்து விடுங்கள். தகடு சட்டியிலிருந்து நாலு விரல் தள்ளி நிற்கட்டும். உயரம் தரையிலிருந்து சட்டியின் பாதிவரை வர வேண்டும்; டப்பாவும் அடுப்பும் சேர்ந்த உயரத்துக்கு 22 முதல் 25 செ.மீ. ஆகும். நேராக நிறுத்திய பலகையைவிட வளைவு நல்லது. பலகையின் இரண்டு ஓரத்திலும் காற்று சுழன்று உள்ளே வரும்.

தகடுக்கு அச்சகத்தில் கழித்துப் போட்ட ஆப்செட் பிளேட் (அச்சடிக்கப் பயன்படும் மெல்லிய அலுமினியத் தகடு) கேளுங்கள். சிவகாசி இத்தனை பக்கத்தில் இருக்கும்போது கடையில் காசு கொடுத்து மறைப்பு வாங்குவது வீண். 0.15 மி.மீ. தகடு கத்தரிக்கோலுக்கே வெட்டுப்படும், 0.3 மி.மீ. சுமக்கக் கனம். மை, ரசாயனப் பூச்சு இருக்கும் முகத்தைத் துடைத்து வெளிப்பக்கம் வையுங்கள். இரண்டு ஓரத்தையும் நடுவில் ஒரு மடிப்பையும் சைக்கிள் போக்ஸ் கம்பியில் சுருட்டினால், கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை மண்ணில் குத்தி நிறுத்தலாம். சமையலறை அலுமினியத் தாள் ஒரு வீச்சுக்குத் தாங்காது. துத்தநாகம் பூசிய தகடு வேண்டாம், தீ பட்டால் புகை நஞ்சு.

இரண்டு நிமிஷத்துக்கு ஒருதடவை டப்பாவைத் தொட்டுப் பாருங்கள். அது சில்லென்று இருப்பதுதான் இயல்பு. சூடு தாங்காமல் கையை எடுக்கத் தோன்றினால் உடனே திருகை மூடிவிட வேண்டியதுதான். டப்பாவைத் தள்ளி வைத்து டியூப் வழியே கேஸ் வரும் அடுப்பு என்றால் தீயைச் சுற்றி முழுவட்டமாகவே மறைக்கலாம். டப்பாவும் டியூபும் வட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

கேள்வி (கடையம்): ஸ்பிரிட் அடுப்புக்கும் அரைவட்டம்தானா?

பதில்: இல்லை, இதற்கு முழுவட்டம். ஸ்பிரிட் (எரிசாராயம்) தீ மெலிசு. லேசான காற்றிலேயே சாய்ந்து சட்டிக்கு வெளியே போய்விடும். சட்டிக்கும் தகடுக்கும் சுற்றிலும் ஒன்றரை செ.மீ. இடைவெளி விடுங்கள். சட்டி 14 செ.மீ. அகலம் என்றால் இருபக்க இடைவெளியும் சேர்த்து 17, அதை 3.14-ஆல் பெருக்கினால் 53 செ.மீ. சொச்சம். ஒன்றின்மேல் ஒன்று ஏற 3 செ.மீ. கூட்டி 56 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, ஜெம் கிளிப்பால் பிடிக்கலாம். மேல் விளிம்பு சட்டியின் வாய்க்கு ஒரு விரல் கீழே நிற்கட்டும்.

அடி விளிம்பை ஒட்டி 6 மி.மீ. துளைகளை இரண்டு செ.மீ.க்கு ஒன்றாகப் போடுங்கள், ஆனால் வட்டத்தின் பாதிக்கு மட்டும். அந்தப் பாதி காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக நிற்க வேண்டும். இடைவெளி குறைந்தால் தீக்கு மூச்சு முட்டும்: மஞ்சளாக எரியும், கரி பிடிக்கும், கண் எரியும். ரொம்ப அடைத்து வைத்தால் அடுப்பே சூடேறி ஸ்பிரிட் உள்ளே கொதிக்கும். தீ எகிறி, தண்ணீர் கொதிக்கும் முன்னே எரிபொருள் தீர்ந்துவிடும். அரை லிட்டருக்கு 30 மி.லி. என்பது கணக்கு. பாதியில் தீர்ந்தால் மேலே ஊற்றாதீர்கள். பகல் வெயிலில் ஸ்பிரிட் தீ கண்ணுக்குத் தெரியாது. ஊற்றும்போது பாட்டில் வரைக்கும் பிடித்து ஏறும். அணைந்து ஆறிய பிறகுதான் ஊற்ற வேண்டும்.

கேள்வி (உவரி): கடற்கரையில மணல் பறந்து அடுப்பு அடைச்சுக்கிடுது. ஸ்டவ் பின் போட்டுக் குத்தலாமா?

பதில்: கேஸ் அடுப்பில் குத்தினால் கேஸ் வரும் பித்தளைத் துளை பெருத்துவிடும். அப்புறம் கேஸ் அதிகமாக வந்து தீ மஞ்சளாகவே நிற்கும். டப்பாவைக் கழற்றிவிட்டு, அடுப்பைத் தலைகீழாகத் தட்டி ஊதினாலே பாதி வந்துவிடும். அடுத்ததடவை அடியில் ஒரு பிளைவுட் துண்டு வையுங்கள். சட்டி சாயாது, மணலும் அவ்வளவு எழும்பாது. பனையோலைத் தட்டியை மறைப்பாக வைக்கிறவர்கள் உண்டு. ஒரு பொறி போதும், தட்டி முழுக்கப் பிடித்துவிடும்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போறோம். அஞ்சு கிலோ சிலிண்டர் மேல பர்னரைத் திருகி, சுத்தி செங்கல் அடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அகலப் பானை வைத்தால் சூடு நேரே சிலிண்டர் தலையில் இறங்கும், செங்கல் அதை வெளியே விடாது. டியூப் வைத்த தனி அடுப்பு கொண்டுபோங்கள். சிலிண்டர் டியூப் எட்டும் தூரம் தள்ளி, காற்று வரும் பக்கம் இருக்கட்டும். அடுப்புக்கு மட்டும் மூன்று பக்கம் செங்கல் அடுக்கலாம். அது புலிகள் காப்பகம். எங்கே, எதில் சமைக்கலாம் என்று வனத்துறையிடம் கேட்டுவிட்டு மூட்டையைக் கட்டுங்கள்.

கேள்வி (வள்ளியூர்): காத்துக்குப் பயந்து கூடாரத்துக்குள்ளயே வச்சா?

பதில்: கூடாது. அடைத்த இடத்தில் அடுப்பு எரிந்தால் சேரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை கிறுகிறுக்கும்போது எழுந்து போகத் தெம்பு இருக்காது.

கேள்வி (சென்னை): நெல்லை எக்ஸ்பிரஸ்ல டப்பாவைக் கொண்டு வரலாமா?

பதில்: ரயிலில் கேஸும் ஸ்பிரிட்டும் ஏற்றக்கூடாது, விமானத்திலும் அப்படித்தான். அடுப்பைத் துடைத்து எடுத்துக்கொண்டு வாருங்கள். எரிபொருளை ஊரில் வந்து வாங்குங்கள்.