தேம்ஸ் பாதை: வின்ட்சருக்கு மேலே எப்படிப் பிரித்து நடப்பது?

கேள்வி: நானும் கணவரும் லண்டனில் இருக்கிறோம். தேம்ஸ் நதிக்கரைப் பாதை முழுவதையும் நடந்து முடிக்க ஆசை. ரிச்மண்டிலிருந்து வின்ட்சர் வரை மூன்று சனிக்கிழமைகளில் நடந்துவிட்டோம். ஒரு நாளைக்கு 15, 16 கிலோமீட்டர் எங்களுக்குச் சரியாக இருக்கிறது. கார் இல்லை. மீதியை எப்படிப் பிரிப்பது? குளிர்காலத்திலும் தொடரலாமா?
– வாசகி, லண்டன்

பதில்: நல்ல வேகத்தில்தான் போகிறீர்கள். இனி ஆறு பிறக்கும் ஊற்றை நோக்கி மேலே போகப் போக, எவ்வளவு தூரம் நடக்கிறோம் என்பதைவிட எங்கிருந்து வீடு திரும்புவது என்பதுதான் அன்றைய திட்டத்தை முடிவு செய்யும். ஆக்ஸ்போர்டு வரை பாதையை ஒட்டியோ, சற்றுத் தள்ளியோ ரயில் நிலையங்கள் வந்துகொண்டே இருக்கும். அதற்கு மேலே, ஊற்றுக்கு அருகிலுள்ள கெம்பிள் வரை, ஏறக்குறைய 85 கிலோமீட்டருக்குக் கரையோரம் ரயில் நிலையமே கிடையாது. ஆகவே இதை இரண்டு வேலைகளாக வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்போர்டு வரை சனிக்கிழமை நடைகள். அதற்கு மேல், கோடையில் நான்கு நாள் விடுப்பு எடுத்து ஒரே மூச்சில்.

வின்ட்சரிலிருந்து மெய்டன்ஹெட் 11 கிலோமீட்டர்தான். அடுத்து மார்லோ, ஏறக்குறைய அதே தூரம். மார்லோ–ஹென்லி, ஹென்லி–ரெடிங் இரண்டும் தலா 14, 15 கிலோமீட்டர் வரும். ரெடிங்–கோரிங் 18 ஆகும். முடியாவிட்டால் நடுவில் பாங்போர்னில் ரயில் ஏறிவிடலாம். கோரிங்கிலிருந்து சோல்சி எளிது. அதற்கடுத்த சோல்சி–கல்ஹாம் துண்டுதான் உங்கள் அளவுக்கு மிக நீளம், 20 கிலோமீட்டரைத் தாண்டும். வாலிங்ஃபோர்டு, ஷில்லிங்ஃபோர்டு பக்கம் ஆக்ஸ்போர்டு பேருந்து ஓடுகிறது. அதை வைத்து அந்தத் துண்டை இரண்டாக்குங்கள். கல்ஹாமிலிருந்து ஆக்ஸ்போர்டு ஒரு நாள்.

வின்ட்சருக்கு வரும் வழியில் ஷெப்பர்ட்டனில் மணியடித்து ஓடத்தில் அக்கரைக்குப் போயிருப்பீர்கள், அல்லது வால்டன் பாலம் வழியாகச் சுற்றியிருப்பீர்கள். படகுகளைக் குதிரைகள் இழுத்த காலத்தில் இழுவைப் பாதை கரை மாறிய இடங்களில் எல்லாம் இப்படி ஓடத்துறை இருந்தது. பெரும்பாலானவை நின்றுபோனதால்தான் குக்கம், ஷிப்லேக், மோல்ஸ்ஃபோர்டு போன்ற ஊர்களில் பாதை திடீரென்று ஆற்றை விட்டுவிட்டுத் தெருவுக்குள் நுழைகிறது. இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். ஆற்றை ஒட்டியே போனால் போதும் என்று நடந்தால் யாரோ ஒருவருடைய தோட்ட வேலியில் போய் முட்டுவீர்கள். கைகாட்டிகளில் ஓக் மரக் கொட்டைச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். நடைபாலங்களும் பழுதாகி நெடுநாள் மூடப்படுவதுண்டு. ஹென்லியை ஒட்டிய மார்ஷ் லாக் (லாக் என்பது படகுகளை ஏற்றி இறக்கும் நீர்மடை) மரப்பாலம் 2022இல் மூடப்பட்டு ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்தது. கிளம்பும் முன் பாதையின் அதிகாரபூர்வ தளத்தில் மாற்றுவழி அறிவிப்புகளைப் படித்துவிடுங்கள். மாற்றுவழி சில கிலோமீட்டர் கூட்டிவிட்டால் அன்றைய ரயில் கணக்கே மாறிவிடும்.

ஒவ்வொரு நாளும் முடித்த இடத்தில், நிலையத்துக்குத் திரும்பும் முனையில், கைகாட்டியைப் படம் எடுத்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து வரும்போது எந்தக் கரை, எந்தப் பாலம் என்று குழப்பம் வரும். நூறு மீட்டர் விட்டுப்போனாலும் பிறகு மனசு உறுத்தும்.

குளிர்காலத்தில் ரெடிங்குக்கு மேலே போகாதீர்கள். கரையோரப் புல்வெளிகள் வெள்ளத்தைத் தாங்கவே இருப்பவை. ஆறு இறங்கிய பிறகும் பல நாள் தண்ணீர் தேங்கி நிற்கும். கணுக்கால் அளவுதானே என்று இறங்காதீர்கள். கலங்கிய நீருக்கடியில் பாதை எங்கே முடிகிறது, வாய்க்கால் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. டிசம்பரில் நான்கு மணிக்குள் சூரியனும் மறைந்துவிடும். அந்த மாதங்களை ரிச்மண்டுக்குக் கீழே, லண்டனுக்குள் இருக்கும் பகுதிக்கு ஒதுக்குங்கள். அங்கே வேறொரு கவனம் வேண்டும். டெடிங்டன் லாக்குக்குக் கீழே ஆற்றில் கடல் ஓதம், அதாவது கடலின் ஏற்றநீர், ஏறும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாட்களில் ரிச்மண்ட், சிஸிக், பட்னி கரைகளில் தண்ணீர் பாதைக்கே வந்துவிடும். ஓத அட்டவணையில் லண்டன் பிரிட்ஜ் உச்ச நேரத்தைப் பார்த்து, ரிச்மண்டுக்குச் சுமார் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு ஒரு மணி முன்னும் பின்னும் தாழ்வான கரையைத் தவிர்த்தால் போதும்.

சமதரைதானே என்று தூரத்தைக் கூட்டுவது இன்னொரு தவறு. ஏற்ற இறக்கம் இல்லாததால் பாதத்தின் அதே இடம்தான் நாள் முழுக்கத் தேய்கிறது. 20 கிலோமீட்டரைத் தாண்டியதும் கொப்புளம் கிளம்பும். காலைப் பனி ஈரப் புல்லில் அரைமணி நடந்தாலே காலுறை நனைந்து தோல் ஊறிவிடும். மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி பையில் இருக்கட்டும். புல்வெளி தாண்டி வறண்ட பாதை வந்ததும் உட்கார்ந்து மாற்றுங்கள். குதிகாலோ விரலோ சுடுவதுபோல் தோன்றினால் அடுத்த ஊர் வரை பொறுக்க வேண்டாம். அங்கேயே பிளாஸ்டர் ஒட்டுங்கள். ஜூலை வாக்கில் நெட்டில் செடி இடுப்பளவு வளர்ந்து பாதையில் சாயும், நம்மூர்க் காஞ்சொறி மாதிரி அரிக்கும். நீளக் கால்சட்டை நல்லது.

இனி அந்த நான்கு நாட்கள். ஜூனில் வையுங்கள், இரவு ஒன்பது வரை வெளிச்சம் இருக்கும். இந்தப் பகுதிக்கு மட்டும் திசையை மாற்றி, ஊற்றிலிருந்து கீழ்நோக்கி நடங்கள். இங்கிலாந்தில் பெரும்பாலும் தென்மேற்குக் காற்று என்பதால் முதுகுப் பக்கம் வீசும். ஊற்றிலிருந்து கிரிக்லேட் 20 கிலோமீட்டர், லெச்லேட் 17, நியூபிரிட்ஜ் 26, ஆக்ஸ்போர்டு 22. மூன்றாம் நாள்தான் கடினம். லெச்லேடுக்கும் நியூபிரிட்ஜுக்கும் இடையில் தங்குமிடங்கள் மிகக் குறைவு, முதலில் அந்த அறையைப் பதிவு செய்துவிட்டு மற்ற நாட்களை அதற்கேற்ப அமையுங்கள். டாட்போல் பாலத்தருகே இடம் கிடைத்தால் 17 கிலோமீட்டரில் நிறுத்தி, ஐந்து நாளாக்கிக்கொள்ளலாம். உங்கள் நடைக்கு அதுதான் பொருந்தும். இடையில் கைவிட நேர்ந்தால் கிரிக்லேட், லெச்லேடிலிருந்து ஸ்விண்டனுக்குப் பேருந்து உண்டு. ஞாயிற்றுக்கிழமை அதை நம்பாதீர்கள்.

முதல் நாள் கணக்கில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: கெம்பிள் நிலையத்திலிருந்து ஊற்றுக்கல் வரை போகவே இரண்டரை கிலோமீட்டர் ஆகும். ஜூனில் அந்தக் கல்லருகே தண்ணீர் இருக்காது. ஒரு மரம், ஒரு கல், காய்ந்த பள்ளம், அவ்வளவுதான். ஈரம் கண்ணில் பட இன்னும் கொஞ்சம் கீழே நடக்க வேண்டியிருக்கும்.